சதுரங்கக் கட்டத்து நெல்

கல்முனைக்கு மேற்கேயும் தெற்கேயும், சம்மாந்துறையையும் நிந்தவூரையும் தழுவிக் கிடக்கும் வயல்வெளிகளிலே வேளாண்மை வெட்டிச் சூடடித்த காலங்களில், களவெட்டியில் குவிந்த நெல்லை மரைக்காலால் அளந்து, மழையால் விளைந்ததாயின் பத்தில் ஒன்றும் நீர் இறைத்து விளைந்ததாயின் இருபதில் ஒன்றும் ஸகாத்துக்கென ஒதுக்கி வந்த போடியார்மாரின் வழித்தோன்றல்களுக்கு, தானியத்தைக் கொண்டு கணக்குப் பார்ப்பது புதிய வித்தையன்று. ஆதலால், சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என இரட்டித்துக்கொண்டே போய் அறுபத்து நான்கு கட்டங்களையும் நிரப்பித் தருமாறு அரசனிடம் வேண்டிய, சதுரங்கத்தை ஆக்கியவரெனச் சொல்லப்படும் ஸிஸ்ஸாவின் கதை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் எழுதிவைத்த அந்தக் கதை, இவ்வூர்களிலே விசேடமாகச் சொல்லத் தக்கது.

மணிகளின் மொத்தம் 18,446,744,073,709,551,615. ஆயிரம் நெல்மணி ஏறத்தாழ 25 கிராம் நிறுக்குமென்று கொண்டால், இது நாற்பத்தாறாயிரம் கோடி தொன். உலகமனைத்தும் இன்று ஓராண்டில் விளைவிக்கும் நெல்லோ எண்பது கோடி தொன்னளவே. கதை சொல்வோர் பெரும்பாலும் இந்தப் பிரமாண்டத்தோடு நின்றுவிடுகின்றனர். என் மனத்தைக் கவர்வது அவ்வெண்ணின் உள்ளமைப்பு.

குவாரிஸ்மில் 973-ஆம் ஆண்டு பிறந்த அல்பிரூனி, 1000-ஆம் ஆண்டையொட்டி எழுதிய காலக்கணிப்பு நூலில், கட்டங்களை ஒவ்வொன்றாகக் கூட்டும் பிரயாசையை மேற்கொள்ளாமல், 16-ஐ வர்க்கித்து 256, அதை வர்க்கித்து 65,536, அதையும் வர்க்கித்து 4,294,967,296, பின்னும் ஒருமுறை வர்க்கித்து ஒன்றைக் கழித்தால் விடை வந்துவிடுமெனக் காட்டினார். நான்கே பெருக்கல்கள்!

ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், அதன் மூலத்தினும் ஒன்று குறைந்ததும் ஒன்று கூடியதுமான இரண்டு எண்களின் பெருக்கம் கிடைக்குமென்பது பாடசாலை மாணவரும் அறிந்த விதி. அவ்விதியைப் பிரயோகித்தால் நமது எண் 4,294,967,295, 4,294,967,297 என இரண்டு காரணிகளாகப் பிரிகிறது. முந்தியது 65,535, 65,537 என மறுபடியும் பிரிய, இவ்வாறே படிப்படியாக இறங்கிச் சென்றால் 3, 5, 17, 257, 65,537 என்னும் ஐந்து முதன்மை எண்கள் வெளிப்படுகின்றன. பிந்தியதான 4,294,967,297 மாத்திரம் இந்த விதிக்கு வசப்படுவதில்லை. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மேதையாகிய பெர்மா, 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297 என நீளும் இவ்வரிசையில் வருவன யாவும் முதன்மை எண்களே என்று நம்பினார். ஆனால் 1732-இல் கணித அறிஞர் ஒயிலர் 4,294,967,297-ஐ 641, 6,700,417 ஆகியவற்றின் பெருக்கமெனக் கண்டறிந்தார். பெர்மா போன்ற ஒருவருக்கே புலப்படாதிருந்த 641 என்னும் அக்காரணி, கையால் வகுத்துப் பார்க்கத்தக்க சிறிய எண். கல்முனையின் ஏதேனுமொரு வகுப்பறையிலே, கரும்பலகையில் இந்த வகுத்தலைச் செய்து, மீதி பூச்சியமாவதைப் பிள்ளைகள் கண்ணாரக் காணவேண்டுமென்பது என் பேரவா.

முன்னே வெளிப்பட்ட ஐந்துக்கும் இன்னொரு மகிமை உண்டு. 1796-இல், பத்தொன்பது வயது நிரம்பாத கணித அறிஞர் காவுஸ், கவராயமும் நேர்விளிம்பும் மட்டுமே கொண்டு, அவற்றுள் ஒன்றான 17 பக்கங்களுடைய ஒழுங்கான பல்கோணியை அமைக்கலாமென நிரூபித்தார். ஏனைய நான்குக்கும், இவ்வைந்தின் பெருக்கங்களுக்கும் இது பொருந்துவதால், அவ்வைந்தையும் ஒருங்கே பெருக்கி வரும் 4,294,967,295 பக்கங்களையுடைய பல்கோணியே, ஒற்றைப்படைப் பக்கங்களுடையவற்றுள் அவ்விரு கருவிகளால் அமைக்கத்தக்கதென இன்றுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பெரியது. பெர்மாவின் வரிசையில் ஆறாவது முதன்மை எண்ணொன்றை இந்நாள்வரை எவரும் கண்டதில்லை. இல்லையென்று நிரூபித்தவரும் இல்லை.