நூல்களைக் காத்தால் மட்டும் போதுமா?

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்து வருகிறது. அதன் தளம் மீடியாவிக்கி என்ற மென்பொருளில் அமைந்தது. மீடியாவிக்கி பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. எனவே சேவையகக் கணினியில் கோப்புகளைப் போட்டுவிட்டால் மட்டும் தளம் திறந்துவிடாது. பொருத்தமான பிஎச்பி பதிப்பின் இயங்குசூழலும் அதற்குரிய நீட்சிகளும் வேண்டும். அவற்றுள், பல பைட்டு எழுத்துகளைக் கையாளும் எம்பிஸ்ட்ரிங் நம்மவருக்கு முக்கியமானது. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ‘யாழ்’ என்ற சொல் மட்டுமே 12 பைட்டுகள். பைட்டுக் கணக்கில் வெட்டினால் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியும்.

தளம் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், ஓடுகிறதை ஏன் கிண்டவேண்டும் என்பார்கள். நியாயந்தான், ஆனால் எடுத்துக்காட்டாக, பிஎச்பி 7.4 பதிப்புக்கான அதிகாரப்பூர்வப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. அதற்குப் பின் தெரியவரும் ஓட்டைகளைப் பிஎச்பி உருவாக்குநர்கள் அடைப்பதில்லை. அப்படியானால் புதியது வந்த அன்றே மாற்றிவிடலாமே? அதுவும் ஆபத்து, பழைய நீட்சிகள் சில புதிய பதிப்பில் படுத்துவிடும். வேறொரு கணினியில் அதே சூழலை நிறுவிச் சோதித்த பிறகே மாற்றவேண்டும். பதிப்பு எண்களும் அமைப்புக் கோப்புகளும் ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் அது முடியும். உங்கள் ஊர்ச் சங்கத்துக்கோ பாடசாலைக்கோ தளம் இருந்தால், அது எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று பொறுப்பாளரிடம் இன்றே கேளுங்கள்.