மயக்க மருந்தும் காறிய எண்ணெயும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் தொடையைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டிக் காற்றடிப்பார்கள். டூர்னிகே என்று பெயர். அழுத்தம் 250, 300 மி.மீ. பாதரசம் வரை போகும். பட்டைக்குக் கீழே காலில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ரத்தம் வந்து மறைக்காததால் சர்ஜனுக்கு எலும்பு தெளிவாகத் தெரியும். காற்றை இறக்கும்போது மட்டும் மயக்க மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறக்குவார். காரணம் இருக்கிறது. சில நிமிடங்களில் மானிட்டரில் ரத்த அழுத்தம் சரியும்; வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறும்.

மானிட்டர் காட்டாத ஒன்றும் அப்போது நடக்கிறது. ரத்தம் இல்லாத நேரத்தில் செல்லின் எரிபொருளான ஏடிபி உடைந்து ஹைப்போசாந்தீனாகத் தேங்கியிருக்கும். ஆக்சிஜன் திரும்பிய கணமே சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதன்மேல் பாய்ந்து, சூப்பர்ஆக்சைடு என்ற முரட்டு மூலக்கூறை உமிழத் தொடங்கும். மைட்டோகாண்ட்ரியாவும் தன் பங்குக்குச் சேர்ந்துகொள்ளும். உடலின் தற்காப்பை மீறி இவை பெருகுவதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

இந்த மூலக்கூறுகளுக்கு முதல் பலி, செல்சவ்வில் உள்ள கொழுப்பு. பல மாதம் மூடிக்கிடந்த முறுக்கு டப்பாவைத் திறந்தால் குப்பென்று ஒரு காறல் வாடை வருமே, வேதியியல்படி அதுவும் இதுவும் ஒன்றுதான். நோயாளியின் ரத்தத்தில் இதை அளக்க மலோன்டைஆல்டிஹைடு என்ற பொருளைத் தேடுகிறார்கள். உணவுப் பண்டம் காறிவிட்டதா என்று பார்க்கவும் இதே சோதனைதான்.

சரி, மயக்க மருந்துக்கு இதில் என்ன வேலை?

நரம்பில் ஏற்றும் புரோபோஃபாலில்தான் சுவாரஸ்யம் அதிகம். பால்போல வெள்ளையாக இருக்கும். தண்ணீரில் கரையாத மருந்தைச் சோயா எண்ணெயிலும் முட்டை லெசித்தினிலும் கலந்திருப்பதால் அந்த நிறம். ஐசிஐ நிறுவனத்தில் இதை உருவாக்கியவர் ஜான் கிளென், படிப்பால் கால்நடை மருத்துவர்! 1986-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 2018-இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. மைக்கேல் ஜாக்சனின் மரணத்தில் அடிபட்டதும் இதே மருந்துதான். இதன் மூலக்கூறில் ஒரு ஃபீனால் வளையம் இருக்கிறது. வைட்டமின் ஈ-யிலும் அதே அமைப்புதான். இரண்டும் தம்மிடமுள்ள ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து முரட்டு மூலக்கூறுகளை அடக்கிவிடும். டூர்னிகே கட்டிய நோயாளிகளிடமும் புரோபோஃபால் கொடுத்தவர்களுக்கு மலோன்டைஆல்டிஹைடு குறைவாக ஏறியதாகப் பல சிறிய ஆய்வுகள் சொல்கின்றன.

மூச்சுவழி கொடுக்கும் வாயுக்கள் கதையே வேறு. டெஸ்ஃப்ளூரேன் சில ஆய்வுகளில் காறல் அளவை ஏற்றியிருக்கிறது. அதற்காக வாயுக்களை வில்லனாக்கிவிட முடியாது. ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் போன்றவை மைட்டோகாண்ட்ரியாவில் கொஞ்சமாக இந்த மூலக்கூறுகளைக் கிளப்பி, அதன்மூலமே இதயத் தசையை வரப்போகும் பெரிய அடிக்குத் தயார்செய்கின்றன என்பது 1990-களின் இறுதியிலிருந்து விலங்குச் சோதனைகளில் தெரிந்துவந்தது. அந்தச் சிறு கிளர்ச்சியை முன்கூட்டியே ஆன்டிஆக்சிடென்ட் கொடுத்து அடக்கினால் பாதுகாப்பும் போய்விடுகிறது. ‘ஆன்டிஆக்சிடென்ட்’ என்று லேபிள் ஒட்டியதெல்லாம் நல்லது என்று நம்பி வாங்குபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

ஆய்வகத்தில் புரோபோஃபாலுக்கு ஒரு வாதம், வாயுவுக்கு ஒரு வாதம். ஆளுக்கு என்ன ஆனது? 2019-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் மிரியட் ஆய்வு வெளிவந்தது. 13 நாடுகளில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 5,400 பேர். பாதிப்பேருக்கு வாயு, பாதிப்பேருக்கு நரம்புவழி மருந்து. ஒரு வருடத்தில் இறந்தவர்கள் வாயுப் பிரிவில் 2.8 சதவீதம், மற்றதில் 3 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. ரத்தத்தில் மலோன்டைஆல்டிஹைடு போன்ற ஒரு குறியீடு இறங்கினால் நோயாளி பிழைப்பார் என்று கணக்குப்போட்டது இங்கே பலிக்கவில்லை. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை: கத்தி, ரத்தம் நிற்பதும் திரும்புவதும், தொற்று, நோயாளியின் சர்க்கரை, சிகரெட் என்று ஆக்சிஜனேற்றத்தைக் கிளப்பும் காரணங்கள் வரிசைகட்டி நிற்க, மயக்க மருந்தின் பங்கு அதில் சிறியது. ஆகவே ‘எனக்குப் புரோபோஃபாலே போடுங்கள்’ என்று இந்தக் காரணத்துக்காக மருத்துவரிடம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. விழித்தபின் வாந்தி குறைவு என்பது போல வேறு நல்ல காரணங்கள் அதற்கு உண்டு.

உண்மையான சண்டை இப்போது ஆக்சிஜனைப் பற்றியே நடக்கிறது. மூச்சுக்குழாயில் டியூப் போட்டு மயக்கம் கொடுக்கும் பெரியவர்களுக்கு, தையலில் சீழ் பிடிக்காமலிருக்க 80 சதவீத ஆக்சிஜன் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அழுத்தமாகப் பரிந்துரைத்தது. தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் இந்த முரட்டு மூலக்கூறுகளுக்குத் தீனி போட்டதாகாதா, நுரையீரல் என்னாவது என்று மயக்க மருத்துவர்கள் பலர் கொதித்தார்கள். 2018-இல் அந்நிறுவனம் ஆதாரங்களை மறுபடி அலசி, அதே பரிந்துரையை ‘நிபந்தனைக்கு உட்பட்டது’ என்று ஒரு படி இறக்கிவைத்தது.