ஜீரோ பள்ளத்தாக்கின் திருவிழாக்கள்

'ஜீரோ' என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்குக் கணக்குப் பரீட்சையின் விடைத்தாள்கள்தாம் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கோ அந்தச் சொல்லே கசப்பு. ஆயினும் பாரத தேசத்தின் வடகிழக்குக் கோடியிலே, அருணாசலப் பிரதேசத்தின் கீழ்ச் சுபன்சிரி ஜில்லாவில், இதே பெயர் பூண்ட ஒரு மலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 5,000 அடிக்கும் அதிகமான உயரம். சுற்றிலும் அடர்ந்த காடு. நடுவே சமதளமாக விரிந்து கிடக்கும் நெல் வயல்கள். அவ்வயல்களுக்கு நீர் வார்க்கும் ஆற்றுக்குக் கிலே என்று பெயர். இங்கே வாழும் மக்கள் அபதானிகள். அவர்களுடைய ஆண்டுத் திருவிழாக்களைப் பற்றி நேயர்களுக்குச் சிறிது சொல்லலாமென்று கருதுகிறோம். அங்கே போக எண்ணியிருப்போருக்கு இது பயன்படும். வீட்டிலிருந்தே தேசத்தைச் சுற்றிப் பார்க்கும் நம் போன்றவர்களுக்கும் பயன்படாமற் போகாது.

முதலில் வயல்களைப் பார்த்து விடுவோம். திருவிழாக்களெல்லாம் அவற்றிலிருந்து முளைத்தவையே. அபதானிகள் தங்கள் வயல்களில் ஏர் பூட்டி உழுததில்லை. மண்வெட்டியும் மனிதக் கையுமே அவர்களுடைய உழவுக் கருவிகள். மிதுன் என்னும் பெரிய மலைமாடு அவர்களிடம் உண்டு. ஆனால் அதன் கழுத்தில் நுகத்தடி ஏறுவதில்லை. அது செல்வத்தின் அடையாளம், பெரிய வேள்விகளின் பலி. நெற்பயிரின் நடுவே தேங்கும் நீரில் மீன்குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள். 1960-களில் தொடங்கிய இவ்வழக்கத்தால் ஒரே வயலில் சோறும் குழம்பும் விளைகின்றன. வரப்பைக்கூட வீணாக்காமல் அதன்மேல் கேழ்வரகு நடுகிறார்கள். ஊர்களை அடுத்து மூங்கில் தோப்புகளும் பைன் மரத் தோப்புகளும் தனித்தனி வேலியிட்டுப் பேணப்படுகின்றன. வாய்க்கால்களைச் செப்பனிடுவது ஒருவருடைய வேலையன்று. அந்த நீரைப் பயன்படுத்துவோர் அனைவரும் கூடிச் செய்வது. 1944-ஆம் வருஷம் இங்கு வந்த மானிடவியல் அறிஞர் கிறிஸ்டாஃப் ஃபான் ஃப்யூரர்-ஹைமென்டார்ஃப் இந்த ஒழுங்கைக் கண்டு வியந்து பின்னர் நூலே எழுதினார். 2014-இல் இந்நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலிலும் இடம் பெற்றது.

ஆண்டின் முதல் விழா முருங். ஜனவரி மாதக் குளிரில் நடைபெறுவது. இது ஊர்ப் பொது விழாவாயினும் இதை எடுத்து நடத்துகிறவர் ஒரு குடும்பத்தார். நோய் நீங்கவோ, குடி செழிக்கவோ வேண்டி மிதுன் பலியிட்டு ஊருக்கெல்லாம் பங்கு வைக்கிறார்கள். செலவு மிகுந்த காரியம். ஆகவே எல்லாக் குடும்பங்களும் எல்லா வருஷமும் செய்வதில்லை. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

மார்ச் மாதத்தில் வரும் மியோகோவைப் பற்றித்தான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இப்பள்ளத்தாக்கின் பழைய ஊர்கள் மியோகோவுக்காக மூன்று தொகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. ஹோங் என்னும் பெரிய ஊர் தனியே ஒரு தொகுதி. ஹரியும், புல்லா எனப்படும் ஊர்க் கூட்டமும் சேர்ந்து மற்றொன்று. ஹிஜா, துத்தா, முதாங் தாகே, பாமின் மிச்சி ஆகியவை மூன்றாவது. ஒரு வருஷம் ஒரு தொகுதி விருந்தோம்பும்; மற்ற இரண்டும் விருந்தாளிகளாகச் செல்லும். அடுத்த வருஷம் முறை மாறும். இவ்வாறு ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை செலவும், இரண்டு தடவை சாப்பாடும் வந்து சேரும். கணக்கு எவ்வளவு நேர்த்தி பாருங்கள்!

இந்தக் கணக்குக்குள் ஓர் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. ஒரு தொகுதியிலுள்ள குடும்பத்துக்கும் மற்றொரு தொகுதியிலுள்ள குடும்பத்துக்கும் மியோகோ நட்பு என்று ஓர் உறவு உண்டு. தகப்பன் கொண்ட நட்பை மகன் தொடர்கிறான். திருவிழா வந்தால் நண்பன் வீட்டுக்குப் போயாக வேண்டும். அவனும் தன் முறை வரும்போது வாசலைத் திறந்து வைத்தாக வேண்டும். வயல் எல்லையிலும் காட்டு எல்லையிலும் சச்சரவு எழாத ஊர் உலகில் எங்கே இருக்கிறது? இங்கும் எழும். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை உன் வீட்டு அடுப்பருகே அமர்ந்து உன் அரிசிக் கள்ளைப் பருகப் போகிறவனோடு எவ்வளவு நாள் பகை பாராட்ட முடியும்?

விழா சுமார் ஒரு மாதம் நீள்கிறது. ஊர் நடுவே பாபோ எனப்படும் நெடிய கம்பங்களை நாட்டுகிறார்கள். முற்காலத்தில் இளைஞர்கள் அக்கம்பத்திலிருந்து கட்டிய கயிற்றின்மேல் துள்ளி விளையாடித் தங்கள் உடல் வன்மையைக் காட்டுவார்கள். லபாங் என்னும் மரமேடை ஒவ்வொரு குலத்தாருக்கும் உண்டு. பெரியவர்கள் அமர்ந்து ஊர்க் காரியம் பேசுவதும் சடங்கு நடத்துவதும் அங்கேதான். விடியற்காலையில் பன்றிகளை வரிசையாகக் கிடத்தி, குலத்துப் பெண்கள் அவற்றின்மேல் அரிசிமாவும் கள்ளும் தெளிக்க, பூசாரி மந்திரம் ஓதுகிறார். பிறகு பலி நடக்கிறது. கோழியின் ஈரலைக் கொண்டும் முட்டையைக் கொண்டும் சகுனம் பார்க்கிறார்கள். நம் வாசகர்களில் பலருக்கு இதைப் படிக்கும்போது மனம் கூசக்கூடும் என்பதை அறிவோம். கூசுகிறவர்கள் அந்த நாழிகையில் ஊருக்கு வெளியே வரப்பில் உலாவிவிட்டு வரலாம். ஆனால் முகத்தைச் சுளித்துக் கொண்டு நடுவில் நிற்பது விருந்தாளிக்கு அழகன்று.

அந்தப் பூசாரியை நியிபு என்கிறார்கள். மியோகோவின் உயிர் இவருடைய நாவில் இருக்கிறது. அபதானி மொழிக்குப் பழமையான எழுத்து வடிவம் கிடையாது. உலகம் தோன்றிய கதை, முன்னோர் இப்பள்ளத்தாக்குக்கு வந்த வழி, தெய்வங்களின் பெயர்கள், இறந்தவர்களின் உலகம் ஆகிய எல்லாமே மனனமாக வழங்கி வருபவை. நியிபு ஓதும் மொழியோ அன்றாடப் பேச்சினின்றும் மிகவும் வேறுபட்டது. கேட்டுக் கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு அதில் பாதிகூடப் புரிவதில்லை. மணிக்கணக்காக, சில சமயம் இரவு முழுவதும் ஓத வேண்டிய இந்தப் பாடத்தைக் கற்கப் பல வருஷங்கள் செல்லும். கற்க முன்வருகிறவர்களோ வரவரக் குறைந்து வருகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள்; இடாநகரிலும் தில்லியிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். கல்வி வேண்டாமென்று ஓர் உபாத்தியாயர் சொல்ல முடியுமா? ஆனால் வயது சென்ற ஒரு நியிபு கண்ணை மூடும்போது ஒரு புத்தகசாலையே மூடப்படுகிறது என்பதையும் மறைக்க முடியவில்லை.

கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய அபதானிகளும் பலர் இருக்கிறார்கள். சூரியனையும் சந்திரனையும் தான்யி, பீலோ என்று போற்றும் முன்னோர் வழியில் நிற்பவர்கள், தங்களுக்கென்று மெதர் நெல்லோ என்னும் பிரார்த்தனை மண்டபங்களைக் கட்டி, பாடல்களை அச்சிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி வழிபடுகிறார்கள். முற்காலத்தில் இத்தகைய கூட்டு வழிபாடு அவர்களிடையே இருந்ததில்லை. பழைமையைக் காப்பதற்குப் புதுமை தேவைப்படுகிறது. யார் எந்த மண்டபத்துக்குப் போகிறார் என்பதில் நமக்கு விவகாரமில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த மியோகோ நட்பு இரண்டு மதத்துக் குடும்பங்களுக்கிடையிலும் தொடருமா என்பதே அவ்வூர்ப் பெரியவர்களின் முன் நிற்கும் கேள்வி. ஓரிடத்தில் சங்கிலி அறுந்தால் மறுகரையிலுள்ள வீட்டுக்கும் விருந்தாளி இல்லை.

இனி த்ரீ. ஜூலை 5-ஆம் தேதி வரும் இவ்விழா அருணாசலப் பிரதேசத்தில் அரசாங்க விடுமுறை நாள். நாற்று நட்டு முடித்து, பயிர் நிமிர்ந்து நிற்கும் பருவம். இனி மனிதன் செய்ய வேண்டியது அதிகமில்லை. பூச்சியும் புயலும் வராமல் தெய்வம்தான் காக்க வேண்டும். ஆகவே பூச்சிகளை விலக்கத் தாமு, கொள்ளைநோயை விலக்க மெதி, வயலின் தீட்டு நீங்க மெதர், விளைவு பெருக மெபின் என்று தெய்வங்களை முந்திய நாளே வேண்டிக் கொள்கிறார்கள். விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளரித் துண்டு வழங்கப்படுகிறது. எளிய பிரசாதம், ஆனால் அதை வாங்காமல் ஒருவரும் திரும்புவதில்லை. பெண்கள் தமிந்தா நடனம் ஆடுகிறார்கள்.

இந்த விழாவுக்கு ஒரு சரித்திரம் உண்டு; நமக்கு அதுதான் மிகவும் பிடித்திருக்கிறது. முன்னெல்லாம் த்ரீ ஒவ்வோர் ஊரிலும் வெவ்வேறு நாளில் நடந்தது. 1967-ஆம் வருஷம் அபதானி மாணவர்கள் சிலர் முனைந்து, எல்லா ஊர்களும் ஒரே நாளில், ஒரே மைதானத்தில் கூடிக் கொண்டாட வேண்டுமென்று ஏற்பாடு செய்தார்கள். தேதியும் ஜூலை 5 என்று நிலைத்தது. வெளியூரில் படிக்கிறவர்களும் உத்தியோகம் பார்க்கிறவர்களும் லீவு எடுத்து வீடு திரும்ப இதனால் வசதியாயிற்று. பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படித்த பிள்ளைகள்தாம் விழாவைச் சேர்த்துக் கட்டினார்கள். பெரியவர்களும் அதற்கு இணங்கினார்கள். புல்யாங் என்னும் அவர்களுடைய ஊர்ச் சபையில் முதியவர், நடுவயதினர், இளைஞர் என்று மூன்று படிகள் பண்டைக்காலம் முதலே இருந்திருக்கின்றன. இளைஞன் பேச்சைக் கேட்பது அவர்களுக்குப் புதிதன்று.

செப்டம்பர் கடைசியில் வரும் நான்காவது கொண்டாட்டம் முற்றிலும் வேறு ஜாதியைச் சேர்ந்தது. 2012-இல் தொடங்கிய ஜீரோ இசைத் திருவிழா அது. அபதானி இளைஞர் ஒருவரும் தில்லி இசைக்குழுவைச் சேர்ந்த கிதார் வாத்தியக்காரர் ஒருவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். மேடைகளை மூங்கிலால் அமைத்து, அவற்றுக்குத் தான்யி, பீலோ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். வடகிழக்கு மாகாணங்களின் பாடகர்களும், பம்பாய், தில்லி, வெளிநாட்டுக் குழுவினரும் பகலிலும் இரவிலும் பாடுகிறார்கள். கதிர் முற்றிப் பொன்னிறமான வயல்களுக்கு நடுவில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். அந்த வாத்திய முழக்கத்தில் நம் காதுக்கு எவ்வளவு இன்பம் கிடைக்குமென்பது சந்தேகம். நம் மாணவர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். உள்ளூராருக்கு இதனால் வருமானம் உண்டு. வீடுகளில் விருந்தினரை வைத்துக் கொள்கிறார்கள்; மூங்கில் தச்சர்களுக்கு வேலை கிடைக்கிறது.

ஆனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இசைத் திருவிழாவுக்கு டிக்கட் உண்டு; காசு கொடுத்தவன் உள்ளே போகலாம். த்ரீ மைதானத்துக்கு டிக்கட் கிடையாது, யாரும் வரலாம். மியோகோவோ ஒருவன் வீட்டு அடுப்பைச் சுற்றி நடப்பது. அழைத்தவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். கள்ளோ சோறோ கொடுத்தால் சிறிதாவது கையில் வாங்க வேண்டும். லபாங் மேடைமேல் ஏறி நின்று படம் பிடிக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிவிடும் பிரயாணிகள் பெருகினால், வாசல்கள் மெல்ல மெல்லச் சாத்தப்படும்.

இன்னொரு சங்கதி. முகத்தில் பச்சை குத்தி, மூக்கின் இரு பக்கமும் பிரம்பாலான கட்டை அணிந்த மூதாட்டிகள் அவ்வூர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1970-களில் அபதானி இளைஞர் சங்கத்தாரே முனைந்து அவ்வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். வெளியூர்களில் படிக்கப் போன பெண்கள் பட்ட கேலி அதற்கு ஒரு காரணம். ஒரு காலத்தில் கேலி செய்த உலகம் இன்று காமிராவுடன் வருகிறது. அந்தப் பாட்டிமார்களைக் கண்டால் முதலில் கை குவித்து வணங்க வேண்டும்; படம் எடுக்கலாமா என்று கேட்க வேண்டும்; வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும். நம் வீட்டுப் பாட்டியிடம் அந்நியன் எப்படி நடந்துகொள்ள வேண்டுமென்று விரும்புவோமோ அப்படி.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைய மற்ற மாகாணத்தார் உள்கோட்டு அனுமதிச் சீட்டுப் பெறுவது அவசியம். 1873-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டத்திலிருந்து தோன்றிய ஏற்பாடு இது. ரயிலில் நாஹர்லகுன் வரையில் போகலாம். அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் மலைப் பாதை; மழைக்காலத்தில் மண் சரிந்து மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகையால் த்ரீக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் முன்பின் வைத்துக் கொண்டு புறப்படுவது நல்லது. ஜில்லாவின் தலைநகரான புது ஜீரோவை ஹபோலி என்றும் சொல்வார்கள். கடைகண்ணிகளும் விடுதிகளும் அங்கே. பழைய ஊர்கள் சிறிது தூரத்தில் இருக்கின்றன. காட்டையும் பறவைகளையும் விரும்புவோர் அருகிலுள்ள தாலே பள்ளத்தாக்குச் சரணாலயத்தைப் பார்த்து வரலாம்.

இசைத் திருவிழாவின் கூடாரங்கள் பிரிக்கப்பட்ட சில நாட்களில் அறுவடை மும்முரமாகிறது. நீர் வடிந்த வயல்களில் பெண்களும் ஆண்களும் குழுக் குழுவாக இறங்கி, இன்று ஒரு வீட்டு வயல், நாளை மற்றொரு வீட்டு வயல் என்று மாறி மாறி அறுத்து, நெல்லைக் கூடைகளில் சுமந்து களஞ்சியம் சேர்க்கிறார்கள். அடுத்த மியோகோவுக்கு முறையுள்ள ஊர்களில் அந்த நெல்லில் ஒரு பங்கு விருந்தாளிகளுக்கென்று அப்போதே ஒதுக்கி வைக்கப்படும்.