தொண்டும் ஊரறிவும்

பிறர் துன்பம் கண்டு இரங்குதல் மக்கட் பண்பு. அத்துன்பத்தை நீக்க முனைதல் தொண்டு. கைம்மாறு கருதாது தம் உழைப்பையும் காலத்தையும் பிறர்க்கு அளிப்போரைத் தொண்டர் என்கிறோம். தொண்டருள்ளும் இரு திறத்தார் உளர். ஓர் ஊரின் குறையைக் கண்டதும், 'இதனை நீக்கும் வழி எம்மிடம் உளது. ஊரார் அதனை ஏற்பாராக' என எண்ணுவோர் ஒரு திறத்தார். 'இதனை நீக்கும் வழி இவ்வூரிலேயே எங்கேனும் மறைந்து கிடத்தல் கூடும். அதனைத் தேடிக் காண்போம்' என எண்ணுவோர் மற்றொரு திறத்தார். இவ்விரு திறத்தாருள் எவருடைய தொண்டு நிலைபெறும்? விழுப்புரம் மாவட்டத்துச் செம்மண் மேடும், ஆப்பிரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களும் இவ்வினாவிற்கு விடை கூறுகின்றன.

விழுப்புரத்திற்கு வடக்கே அமைந்த ஊர் திண்டிவனம். திந்திருணி என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். புளியங்காடு எனப் பொருள்படும் திந்திருணிவனம் என்னும் பெயரே திண்டிவனம் என மருவிற்று என்பர். ஊர்ப்பெயரில் காடு நிலைத்து நின்றது. சுற்றுப்புற நிலங்களிலோ அது நிலைக்கவில்லை. திண்டிவனத்திற்குத் தென்கிழக்கே, கடலை நோக்கிச் சரிந்து செல்லும் வானூர் வட்டத்து மேட்டுநிலத்தில், மரங்கள் கட்டடத்திற்கும் விறகிற்குமாக வெட்டப்பட்டன. வெட்டிய அடியினின்று தளிர்த்தவற்றை ஆடுமாடுகள் மேய்ந்தன. மரமற்ற அந்நிலத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்தபோது, நீர் நிலத்துள் இறங்கவில்லை. மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடிற்று. அது சென்ற வழியெல்லாம் ஆழ்ந்த ஓடைகள் பிளந்தன. வளமான மண் கடலிற் சென்று கலந்தது. மழை மிகப் பெய்தும் கிணறுகள் வற்றின, உழவர் வருந்தினர்.

1968ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் அம்மேட்டில் ஆரோவில் என்னும் பன்னாட்டு நகரம் தொடங்கப்பெற்றது. 124 நாடுகளின் மண்ணை அன்று ஒரு தாமரை மொட்டு வடிவான தாழியில் இட்டனர். நாடு பலவற்றின் மண் வந்து சேர்ந்ததாயினும், அவ்வூர் மண்ணைக் காப்பது எவ்வாறு என்பதே தொண்டர்முன் நின்ற முதற்கேள்வி. வெளிநாடுகளிலிருந்து வந்த இளைஞர் பலர்க்கு அந்நிலமும் புதிது, தமிழும் புதிது. குயிலாப்பாளையம், கோட்டக்கரை, ஆலங்குப்பம் முதலிய ஊர்களின் உழைப்பாளர் மண்வெட்டியும் கூடையும் ஏந்தி அவர்களோடு உழைத்தனர்.

முதலிற் செய்யவேண்டியது யாது? ஓடும் நீரைத் தடுப்பதே. சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் செல்லுமாறு வரப்புகள் எழுப்பினர். ஓடைகளுக்குக் குறுக்கே தடுப்பணைகள் அமைத்தனர். வரப்பில் முட்டிய நீர் விரைவு தணிந்து தேங்கிற்று; தேங்கிய நீர் சிறிது சிறிதாக நிலத்துள் இறங்கிற்று; அது சுமந்து வந்த மண்ணும் அங்கேயே படிந்தது. ஈரம் நின்ற இடத்தில் மரக்கன்றுகளை நட்டனர்.

ஆயின், எம்மரத்தை நடுவது? தொடக்கத்தில் ஆத்திரேலிய நாட்டு வேலமர வகைகள் பெரிதும் நடப்பட்டன. அவை வறண்ட மண்ணிலும் விரைந்து வளர்ந்து நிழல் தந்தன. இலையுதிர்த்து மண்ணை வளப்படுத்தின. ஆனால் அவை நெடுநாள் வாழ்வன அல்ல. பெருங்காற்றைத் தாங்குவனவும் அல்ல. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் வீசியபோது அவ்வகை மரங்கள் மிகுதியாகச் சாய்ந்தன.

அந்நிலத்திற்கே உரிய மரங்கள் யாவை என்னும் தேடல் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. காடு அழிந்த நாட்டில் அவற்றின் விதையை எங்ஙனம் பெறுவது? விடை ஊர்க் கோயில்களில் இருந்தது. புதுவைக்கு வடக்கே கடற்கரைச் சாலையை அடுத்துக் கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊர் உளது. அங்குள்ள ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு பழங்காடு நிற்கிறது. தெய்வத்திற்கு உரிய மரத்தை வெட்டலாகாது என்னும் அச்சமும் அன்பும் அக்காட்டைக் காத்தன. வீரை, காசான், கருங்காலி, உலக்கைப்பாலை முதலிய மரங்கள் இத்தகைய கோயிற்காடுகளில் எஞ்சி நின்றன. சோழமண்டலக் கரையோரம் முன்னாளில் பரந்திருந்த, வறட்சியிலும் பசுமை மாறாத காட்டின் எச்சம் இதுவே எனத் தாவரநூல் வல்லார் தெளிந்தனர். தொண்டர்கள் இக்காடுகளிலிருந்து விதை திரட்டி நாற்றாக்கினர். எம்மரம் எப்பருவத்தில் காய்க்கும், எதன் பட்டை எந்நோய்க்கு மருந்தாகும் என்பவற்றை நூல்கள் மட்டும் கூறிவிடவில்லை. ஆடு மேய்த்தோரும், நாட்டு மருத்துவரும், ஊர்ப் பாட்டியரும் கூறினர். இன்று அம்மேட்டில் இலட்சக்கணக்கான மரங்கள் நிற்கின்றன. நிலம் வெளியூர்த் தொண்டரின் கைகளை வேண்டி நின்றது உண்மை. ஆயினும் விதை ஊரிலேதான் இருந்தது.

இஃது இம்மாவட்டத்திற்கு மட்டும் உரிய உண்மையோ? ஆப்பிரிக்கக் கண்டத்து நைஜர் நாட்டைக் காண்போம். சகாராப் பாலைநிலத்தை அடுத்த அந்நாட்டிற்கு 1980களின் தொடக்கத்தில் ஆத்திரேலியத் தொண்டர் டோனி ரினாடோ சென்றார். அவர் முயன்று நட்ட கன்றுகளுட் பெரும்பாலானவை வெயிலில் மடிந்தன. 1983இல் ஒருநாள் வண்டி நிறைய நாற்றுகளுடன் சென்றவர், வழியில் வண்டியை நிறுத்தி, வயலில் நின்ற ஒரு புதரைக் கூர்ந்து நோக்கினார். அது புதரன்று, வெட்டுண்ட மரமொன்றின் வேரடியினின்று கிளைத்த தளிர்களே. அத்தகைய அடிக்கட்டைகள் வயல்தோறும் மறைந்திருந்தன. புதிய கன்று நடவேண்டுவதில்லை. தளிர்களுட் சிலவற்றை விட்டுப் பிறவற்றைக் கழித்து, ஆடும் கோடரியும் அணுகாமற் காத்தால் போதும் என்பதை அவர் உணர்ந்தார். முதலில் உழவர் தயங்கினர். மரங்கள் அரசின் உடைமை என்பது அந்நாட்டு வழக்கு. தமக்கு உரிமையில்லாததை எவர் பேணுவர்? காத்தவர்க்கே பயன் என்னும் நிலை வளர்ந்தபின் உழவர் தாமே மரம் காத்தனர். நாளடைவில் ஏறத்தாழ 50 இலட்சம் எக்டேர் நிலம் அந்நாட்டில் மீண்டும் மரம் பெற்றது.

அண்டை நாடாகிய புர்க்கினா பாசோவில் யக்கூபா சவடோகோ என்னும் உழவர் இருந்தார். அவர் எந்நாட்டிலிருந்தும் வந்த தொண்டரல்லர், அம்மண்ணின் மைந்தர். இறுகிய நிலத்தில் சிறு குழிகள் தோண்டி எருவிட்டு விதைக்கும் 'சாய்' என்னும் பழைய முறையை 1980களின் வறட்சியில் அவர் எடுத்துத் திருத்தினார், குழியைப் பெரிதாக்கினார். மழைநீர் குழியில் தங்கிற்று. எருவை நாடிவந்த கறையான்கள் மண்ணைத் துளைத்து நெகிழ்வித்தன. ஊரார் முதலில் அவரைப் பித்தர் என்று நகைத்தனர். பின்னர் அவரிடமே கற்றனர். ரினாடோ, சவடோகோ இருவர்க்கும் 2018இல் 'வாழ்வுரிமை விருது' வழங்கப்பெற்றது. சவடோகோ 2023இல் மறைந்தார்.

இவ்விரு நிலங்களையும் இணைக்கும் செய்தியும் ஒன்று உண்டு. 2003இல் இஸ்ரேல் நாட்டுக் குடும்பம் ஒன்று ஆரோவில் பகுதியில் ஏறத்தாழ 70 ஏக்கர் பாழ்நிலத்தில் 'சாதனா ஃபாரஸ்ட்' என்னும் காட்டுப்பணியைத் தொடங்கிற்று. பல நாட்டுத் தொண்டர் அங்கு வந்து தங்கி வரப்பமைத்து மரம் வளர்க்கக் கற்றனர். அவ்வமைப்பு 2014இல் கென்யா நாட்டின் சம்புரு பகுதியில் பணி தொடங்கிற்று. சம்புரு மக்கள் கால்நடை வளர்ப்போர். மழை பொய்ப்பின் மந்தை மடியும். மந்தை மடியின் குடும்பம் பசிக்கும். எனவே வறட்சி தாங்கி உணவு தரும் மரங்களைத் தம் மனைகளிலேயே வளர்க்க அம்மக்களுக்குத் துணைசெய்கின்றனர். விழுப்புரத்து மரங்களை அங்கு கொண்டுசெல்லவில்லை. நீரைத் தேக்கும் முறையையும், மண்ணுக்கு உரிய மரத்தைத் தேடும் மனத்தையுமே கொண்டுசென்றனர்.

இச்செய்திகளால் அறியக் கிடப்பது யாது? தொண்டர் ஒருநாள் தம் ஊருக்குத் திரும்புவர். ஊரார் அங்கேயே வாழ்வர். ஊரார்க்கு உரிமையும் அறிவும் உடைய பணியே தொண்டர் சென்றபின்னும் நிற்கும். பொருளைத் தருவது எளிது. கேட்டுக் கற்பது அரிது. அரியதைச் செய்த தொண்டரே பெரும்பயன் விளைத்தனர்.

மாணவர்களே! நும் ஊரிலும் ஒரு கோயிற்காடோ, பழைய ஏரியோ இருத்தல் கூடும். அங்குள்ள மரங்களின் பெயரையும், மதகு திறக்கும் முறையையும் அறிந்த முதியோர் இன்று உளர். அவர் என்றும் இரார். அவரிடம் சென்று வினவி எழுதி வையுங்கள். அவரோடு அவ்வறிவும் மறைந்துவிடின், பின்னாளில் எத்துணைத் தொண்டர் வரினும் அதனை மீட்டல் அரிது.