பழைய காருக்கு எப்.சி. கிடைக்குமா?

ஜோலார்பேட்டை - பெங்களூர் ரயில் பாதையில், குப்பத்தை அடுத்த நிலையம் குடுபல்லி. ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கி நிற்கும் மூலை இது. மூன்று மாநில எண்களையும் தாங்கிய வண்டிகளை இங்குள்ள சாலைகளில் காணலாம். எண் எதுவானாலும், வண்டிக்கு வயதாகிவிட்டால் எல்லோருக்கும் சட்டம் ஒன்றுதான். 1989 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்த 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே அது.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிச் சென்று, மக்கள் வாய்மொழியில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' எனப்படும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டியாக வேண்டும். தகுதி உண்டு என்று அவர் எழுதினால்தான் வண்டிக்கு மறுவாழ்வு.

சென்னையில் பிறந்த கார்

பழைய கார் என்றதும் வெளிநாட்டுச் சீமான்களின் பந்தயக் கார்களே நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கார் ஒன்று சென்னையிலேயே தயாரானது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் 1971 வரை வெளியிட்ட 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'தான் அது. இத்தாலிய நிபுணர் மிக்கெலோட்டி இதற்கு வடிவம் தந்தார். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை ஆதாரமாகக் கொண்டுதான் 1962ல் இங்கிலாந்தில் 'டிரயம்ப் ஸ்பிட்பயர்' என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அதற்கும் வடிவம் தந்தவர் அவரே.

பெங்களூரிலும் ஒரு முயற்சி நடந்தது. சிபானி நிறுவனம் 1982ல் 'டால்பின்' என்ற இரண்டு கதவுக் காரை வெளியிட்டது. இதன் கூடு தகரத்தால் ஆனது அல்ல. பைபர் கண்ணாடியால் ஆனது. எடை குறைவு என்பதால் சோழவரம் பந்தயங்களில் டால்பினுக்குத் தனி மதிப்பு இருந்தது.

ஆய்வில் எங்கே இடிக்கிறது?

இத்தகைய கார்கள் ஆய்வுக்குப் போகும்போது பெயிண்ட் பளபளப்பு உதவாது. முதல் எதிரி துரு. ஹெரால்டில் அடிச்சட்டம் தனி, மேல்கூடு தனி. மேலே தகரம் தட்டிப் புதுக்கருக்கு ஏற்றிவிடலாம். கீழே சட்டத்தின் கைகள் அரித்திருந்தால் வண்டி நேராக நிற்காது. டால்பினின் கூடு துருப்பிடிக்காது. ஆனால் அதனடியில் உள்ள இரும்புக்கு அந்த வரம் கிடையாது.

இரண்டாவது பிரேக். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் ரப்பர் வாஷர்கள் இறுகி, வீல் சிலிண்டர் ஒட்டிக்கொள்ளும். நான்கு சக்கரமும் ஒன்றுபோல் பிடிக்காமல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஓடி ஓடிக் கெட்ட வண்டியைவிட, நின்று நின்று கெட்ட வண்டியே ஆய்வில் அதிகம் சங்கடப்படும் என்பது பட்டறைக்காரர்கள் அறிந்த உண்மை.

மூன்றாவது புகை. பாரத் 2ம் நிலை விதிகளுக்கு முந்திய பெட்ரோல் கார், நின்ற நிலையில் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவிகிதத்துக்கு மேல் இருக்கலாகாது. கார்புரேட்டரைச் சரியாக வைத்தால் நல்ல எஞ்சின் இதில் தேறிவிடும். தொல்லை எரிபொருளில் வருகிறது. 2000ம் ஆண்டில் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயம் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்குக் கவசமாக இருந்தது. 2025க்குள் 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவியது. பழைய ரப்பர் குழாய்களுக்கு எத்தனால் ஆகாது. குழாய்களை மாற்றாதவர்கள் கசிவைச் சந்திக்க நேரும்; கசிவு தீ விபத்தில் முடியலாம்.

அந்தக் காலத்து அமைப்புகளும் உண்டு. இண்டிகேட்டர் விளக்கு வருமுன், ரயில்வே கைகாட்டியைப் போலக் கதவருகே நீட்டும் சிறு கைகள்தான் திரும்பும் திசையைக் காட்டின. இருக்கைப் பட்டையோ நம் நாட்டுக் கார்களில் 1994க்குப் பிறகே கட்டாயமானது. பழைய வண்டியை அதன் காலத்து அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

இங்கிலாந்தில் என்ன முறை?

இங்கிலாந்தில் 1960ல் பத்து வயதான கார்களுக்கு ஆண்டுச் சோதனை தொடங்கியது. 1967ல் மூன்று வயதிலிருந்தே சோதனை என்றானது. ஆனால் 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. 1980ல் உற்பத்தி நின்ற ஸ்பிட்பயர்கள் அனைத்தும் இப்போது அந்த வயதைத் தாண்டியவை. சோதனை இல்லை என்றாலும், ஓடத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உடைமையாளருடையதே.

நம் நாட்டில் அப்படி விலக்கு இல்லை. மாறாக, 2021 ஜூலையில் மத்திய அரசு 'விண்டேஜ்' என்ற புதிய வகுப்பை ஏற்படுத்தியது. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் சேரும். மாநிலக் குழு பார்த்து ஒப்ப வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மதராஸ் ராஜ்யத்து 'எம்.எஸ்.' எண்ணைப் பொக்கிஷமாகக் காப்பவர்களுக்கு இது ஆறுதல்.

ஆனால் ஒரு கட்டு உண்டு. விண்டேஜ் வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம்.

யாருக்கு லாபம்?

இங்கேதான் சாதாரணக் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. பெட்ரோல் விலைக்கு அஞ்சி, பியட்டிலும் அம்பாசிடரிலும் டீசல் எஞ்சின் மாற்றியவர்கள் பலர். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த அந்த மாற்றமே இன்று 'மூல வடிவம் இல்லை' என்று அந்த வண்டிகளைத் தள்ளிவிடும். மாற்றிய எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் ஏறாவிட்டால் சாதாரணப் புதுப்பித்தலும் நின்றுவிடும். பங்களா ஷெட்டில் தூங்கிய கார் கௌரவம் பெறுகிறது. உழைத்த கார் ஒதுக்கப்படுகிறது.

செலவும் ஏறிவிட்டது. 2022 ஏப்ரலுக்கு முன் கார் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய். பிறகு அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 10,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. இறக்குமதியான நான்கு சக்கர வண்டிக்கோ 80,000 ரூபாய்.

மாநில எல்லையில் வசிப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், பழைய ஆபீசில் ஆட்சேபணையின்மைச் சான்று பெற்று, இங்கு புதிய எண் வாங்க வேண்டும். தாத்தா காலத்துக் காரை வேலூர்ப் பக்கத்திலிருந்தோ கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தோ கொண்டுவருவோர், பெயர் மாற்றத்தையும் வாரிசுச் சான்றையும் முதலில் முடிப்பது நல்லது. காகிதம் சரியில்லாத வண்டிக்குப் பட்டறையில் கொட்டும் பணம் வீண்.

ஆய்வு நாளுக்கு ஒரு மாதம் முன்பே வண்டியை எடுத்துத் தினமும் சிறிது தூரம் ஓட்டுவது, பிரேக் ஆயிலையும் பெட்ரோல் குழாய்களையும் மாற்றுவது, சேஸிஸ் நம்பர் படியும்படி அந்த இடத்தைத் துடைத்து வைப்பது ஆகிய மூன்றும் அதிகச் செலவில்லாதவை. ஹெரால்டுகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன. டால்பின்களில் மூத்தது 2032ல்தான் அந்த வயதைத் தொடும். அதுவரை சாலையில் ஓடும் டால்பின்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நின்று தேறிவர வேண்டும்.