இரண்டரை நிமிட ஆட்டமும் உச்சமுனையின் பிள்ளைகளும்

பாடசாலை விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருபவை உதைபந்தாட்டமும் எல்லேயும் கரப்பந்தாட்டமுமே. ஆனால், உயர்தரப் பாடசாலை மாணவர்கள் தாமே வடிவமைத்த இயந்திரங்களை மைதானத்தில் இறக்கி மோதவிடும் இன்னொரு விளையாட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பல நாடுகளில் வேரூன்றி வருகிறது. ரொபோட்டிக்ஸ் போட்டி என அழைக்கப்படும் இவ்விளையாட்டு எவ்வாறு ஆடப்படுகிறது, அதில் நம் கரையோரப் பிள்ளைகளுக்கு என்ன பங்கு இருக்க முடியும் என்பன சிந்திக்கத்தக்கவை.

இதன் தோற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர், விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் கைதட்டல் அறிவியல் கற்கும் மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற நோக்குடன் 1989ஆம் ஆண்டில் ஃபெர்ஸ்ட் என்ற அமைப்பை நிறுவினார். 1992இல் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்துப் பாடசாலையொன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளுடன் முதற்போட்டி நடைபெற்றது. இன்று பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான அணிகள் இதில் பங்குபற்றுகின்றன.

இதன் தனித்தன்மை, ஆட்டம் ஆண்டுதோறும் மாறுவதே. ஜனவரி மாதத்தில் அவ்வாண்டுக்குரிய புதிய ஆட்டம் உலகெங்கும் ஒரே நாளில் அறிவிக்கப்படும். ஓராண்டில் பந்துகளைக் கூடையில் எறிய வேண்டும். மறு ஆண்டில் பெட்டிகளை அடுக்க வேண்டும். எனவே சென்ற ஆண்டு வென்ற இயந்திரத்தை இவ்வாண்டு கொண்டுவந்து நிறுத்திப் பயனில்லை. சில வாரங்களுக்குள் மாணவர்கள் விதிகளைப் படித்து, வரைந்து, வெட்டி, பூட்டி, நிரல் எழுதி, சோதித்து முடிக்க வேண்டும்.

மைதானம் ஏறக்குறைய 54 அடி நீளமும் 27 அடி அகலமும் கொண்டது. சிவப்பு, நீலம் என இரு கூட்டணிகள். ஒவ்வொன்றிலும் மூன்று அணிகளின் மூன்று ரொபோக்கள். ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை நிமிடங்களில் முடிந்துவிடும். தொடக்கத்தில் சில விநாடிகளுக்கு மாணவர் எவரும் கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடலாகாது. முன்கூட்டியே எழுதிய நிரலின்படி, உணரிகள் தரும் தகவலை மட்டும் துணையாகக் கொண்டு ரொபோ தானே இயங்க வேண்டும். அதன்பின் மாணவர்கள் தொலைவிலிருந்து அதனைச் செலுத்துவர். பல ஆண்டுகளின் ஆட்டங்களில், இறுதிக் கணங்களில் ரொபோ ஒரு கம்பியிலோ மேடையிலோ ஏறிவிட்டால் மேலதிகப் புள்ளிகள் கிடைக்கும்.

இங்கு கவனிக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. தகுதிச் சுற்றுகளில் யார் யாருடன் கூட்டணி சேர்வது என்பதை அணிகள் தீர்மானிப்பதில்லை, அட்டவணையே தீர்மானிக்கிறது. காலையில் எதிரணியில் நின்றவர் மாலையில் நம் பக்கம் நிற்பார். ஆகவே எதிரியின் ரொபோ பழுதடைந்தால் அதற்குரிய உதிரிப்பாகத்தைக் கொடுத்துதவுவது இப்போட்டிகளில் வழக்கமாகிவிட்டது. இனம், மொழி, ஊர் என்று கோடு கீறிப் பழகிய சமூகங்களுக்கு இவ்விதி ஒரு பாடமாகும்.

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் வொஷிங்டனில், நாட்டுக்கோர் அணி என்ற அடிப்படையில் ஃபெர்ஸ்ட் குளோபல் போட்டி முதன்முறையாக நடத்தப்பட்டது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. அணிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வகையான உதிரிப்பாகப் பெட்டியே வழங்கப்பட்டது. செல்வந்த நாடு, வறிய நாடு என்ற வேறுபாட்டை இயன்றவரை குறைப்பதே இதன் நோக்கம். அவ்வாண்டின் கருப்பொருள் தூய குடிநீர். நீல நிறப் பந்துகள் தூய நீராகவும் செம்மஞ்சள் நிறப் பந்துகள் அதிலுள்ள மாசாகவும் கொள்ளப்பட்டன. இரண்டையும் வேறுபிரித்து உரிய இடத்தில் சேர்ப்பதே ரொபோவின் பணி.

அந்தப் போட்டியில் உலகின் கவனத்தை ஈர்த்தவர்கள் ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரைச் சேர்ந்த ஆறு மாணவிகள். அவர்களது உதிரிப்பாகப் பெட்டி சுங்கத்தில் நீண்டகாலம் முடங்கிக் கிடந்தது. விசாவுக்காக இருமுறை காபூல் வரை பயணித்தும் இருமுறையும் மறுக்கப்பட்டனர். இறுதி நேரத்தில் அமெரிக்க ஜனாதிபதியின் தலையீட்டால் அனுமதி கிடைத்தது. துணிச்சலான சாதனைக்கான வெள்ளிப் பதக்கத்துடன் அவர்கள் நாடு திரும்பினர். 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது, ஹெராத் அணியினர் பழைய மோட்டார் கார்களின் உதிரிப்பாகங்களைக் கொண்டு மலிவான செயற்கைச் சுவாசக் கருவியை உருவாக்க முனைந்தனர். விளையாட்டிற் பெற்ற அறிவு உயிர்காக்கும் முயற்சிக்குப் பயன்பட்டது. ஆனால் 2021 ஓகஸ்டில் ஆட்சி மாறியபின் அணியினர் சிலர் கட்டாருக்கு இடம்பெயர நேர்ந்தமை இக்கதையின் துயரமான பக்கம்.

அதே 2017ஆம் ஆண்டுப் போட்டியில் சிரிய அகதி மாணவர்களின் அணியும் பங்குபற்றியது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களை ஏற்று அரவணைத்த புத்தளம் மண்ணுக்கு, அகதி முகாமிலிருந்து எழும் மாணவனின் நிலையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

2019இல் டுபாயில் நடந்த போட்டியின் கருப்பொருள் நமக்கு இன்னும் நெருக்கமானது. கடலை மாசிலிருந்து மீட்பதே அதன் ஆட்டம். பெரிய பந்துகள் பெருமாசையும் சிறிய பந்துகள் நுண்மாசையும் குறித்தன. அவற்றைத் திரட்டிக் கழிவு பதப்படுத்தும் மிதவையாகக் கருதப்பட்ட அமைப்பில் சேர்ப்போருக்குப் புள்ளிகள் கிடைத்தன. இரண்டு ஆண்டுகள் கூடக் கழியுமுன், 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றி எரிந்தது. அதிலிருந்த 1,600 தொன்னுக்கும் அதிகமான பிளாஸ்டிக் சிறுமணிகளில் பெருந்தொகை கடலிற் கலந்து மேற்குக் கரையோரம் எங்கும் ஒதுங்கியது. டுபாய் மைதானத்தில் சிறு பந்துகளாக உருண்ட பிரச்சினை, நம் மீனவரின் வலையிலும் வாழ்விலும் நேரடியாகவே வந்து விழுந்தது.

கற்பிட்டிக்கு அப்பால், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழக் கிடக்கும் உச்சமுனையில் மக்கள் கடற்றொழிலை நம்பி வாழ்கின்றனர். வள்ளமே அவர்களது பாதை. அத்தகைய ஊரின் பிள்ளைகளுக்கு ரொபோ எதற்கு என்ற கேள்வி எழலாம். ஆசிரியர் பற்றாக்குறையும் போக்குவரத்துச் சிரமமும் தீராதபோது இது ஆடம்பரமல்லவா என்று கேட்பதிலும் நியாயமுண்டு. சர்வதேசப் போட்டியில் இறங்கும் பெரிய ரொபோவுக்குப் பெருந்தொகை செலவாகும் என்பதும் உண்மையே. ஆனால் தொடக்கப்படி அவ்வளவு தொலைவில் இல்லை.

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலங்கை ரொபோட்டிக்ஸ் சவால் போன்ற உள்நாட்டுப் போட்டிகள் பாடசாலை மாணவர்களுக்கும் பிரிவு ஒதுக்கியுள்ளன. இத்தகைய போட்டிகளின் அரிச்சுவடி, கோட்டைப் பின்தொடரும் சிறு வண்டி. அதன் அடியில் அகச்சிவப்புக் கதிரை உமிழும் விளக்கும் அதனை உணரும் கருவியும் இருக்கும். வெள்ளைத் தளம் கதிரைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் கோடு உறிஞ்சிக்கொள்ளும். இவ்வேறுபாட்டைக் கொண்டு கோடு எப்பக்கம் விலகுகிறது என்பதைச் சிறிய கணினிப் பலகை அறிந்து, சில்லுகளின் வேகத்தை மாற்றுகிறது. 2005இல் இத்தாலியில் உருவான ஆர்டுயீனோ போன்ற மலிவான பலகைகள் இதனைப் பாடசாலைகளுக்கு எட்டச் செய்துள்ளன.

இதே பலகையுடன் இரு உலோகக் கம்பிகளை இணைத்தால் கிணற்று நீரின் உவர்த்தன்மையை ஒப்பிட்டறியலாம். நீரில் உப்புக் கூடக்கூட மின்சாரம் இலகுவாகப் பாயும் என்பதே தத்துவம். கற்பிட்டித் தீபகற்பத்தின் மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் எவ்வளவு அரியது என்பதை அறிந்த பிள்ளைக்கு, இது வெறும் பாடநூற் பரிசோதனையாக இராது. ஊரின் தேவையிலிருந்து பிறக்கும் கேள்வியே சிறந்த ஆய்வுகூடம்.

இது நமக்கு அந்நியமான கலையுமல்ல. 1206ஆம் ஆண்டளவில் அல் ஜஸரி என்ற முஸ்லிம் பொறியியலாளர், தானியங்கும் கருவிகள் பற்றிய தமது நூலை நிறைவு செய்தார். அதில் நீரில் மிதக்கும் படகொன்றில் இசை எழுப்பும் பொம்மைக் கலைஞர்களின் அமைப்பும் விளக்கப்பட்டுள்ளது. படகும் நீரும் பொறியும் ஒன்றுசேர்ந்த அந்தக் கற்பனை, கடலோடு வாழும் சமூகத்தின் பிள்ளைக்கு எட்டாததா?

வேண்டியவை மூன்று. முதலாவது, தீவுப் பாடசாலைகளைத் தனித்து விடாது, கற்பிட்டியையும் புத்தளத்தையும் சேர்ந்த தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் ஒரு பொதுக் கருவிப் பெட்டியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. இரண்டாவது, விதிநூல்களையும் கைநூல்களையும் நல்ல தமிழில் ஆக்கித் தருதல். ஆங்கிலம் தெரியாமை அறிவின்மை ஆகாது. மூன்றாவது, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர். பெட்டி மட்டும் வந்து அலுமாரியிற் பூட்டப்பட்டால் அது அன்பளிப்பு விழாவுக்கே பயன்படும்.

கல்வி அதிகாரிகளும் பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல், ஆலய நிருவாகத்தினரும் மனம் வைத்தால் இம்மூன்றும் கைகூடும். வள்ளத்தின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுபோனால் அதனைக் கழற்றிப் பூட்டி உயிர்ப்பிக்கும் தந்தையரின் பிள்ளைகள் அவர்கள். கைத்திறன் அவர்களிடம் ஏற்கனவே உண்டு. களத்தை அமைத்துக் கொடுப்பதே நம் கடமை.