திரைவழி மழலையர் வகுப்பில் தோழமை வளருமா?

கொரோனா ஊரடங்கின்போது மழலையர் வகுப்புகள் கைப்பேசித் திரைக்கு வந்தன. உடல்நலம், தூரம் போன்ற காரணங்களால் இன்றும் வீட்டிலிருந்தே சேரும் பிள்ளைகள் உண்டு. எழுத்தையும் எண்ணையும் பிறகு கற்றுக்கொள்ளலாம். ஆனால் தோழமை? அதுவும் ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளும் சேர்ந்து பயிலும் வகுப்பில்?

சிறுவர்கள் முதலில் அருகருகே அமர்ந்து தனித்தனியாக விளையாடுகிறார்கள். பிறகே சேர்ந்து விளையாடுகிறார்கள். இதை 1932-இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் விளக்கினார். திரையில் அந்த 'அருகருகே' இல்லை. ஒரு நேரத்தில் ஒருவர் குரல்தான் கேட்கும். பதில் சொல்லத் தாமதமாகும் பிள்ளையின் முறை பறிபோகிறது. மற்ற பிள்ளைகளும் அவனைக் கடந்து போகப் பழகிவிடுகிறார்கள்.

இதைத் தவிர்க்கச் சில வழிகள்:

1. மூன்று, நான்கு பிள்ளைகள் கொண்ட சிறு குழு போதும். 3, 4 வயதில் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019). எனவே வகுப்பும் சுருக்கமாக இருக்கட்டும்.

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி ஸலாம் கூறுங்கள். பேச வராத பிள்ளை கையசைத்தாலும் படம் காட்டினாலும் அதுவும் பதில்தான்.

3. இரு வீடுகளிலும் ஒரே பொருளை வையுங்கள். கிண்ணமும் கரண்டியும் போதும். ஒருவர் தட்ட, மற்றவர் அதேபோல் தட்டட்டும்.

4. முகத்தில் வெளிச்சம் விழும்படி அமருங்கள். செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு உதடும் முகபாவமும் தெரிய வேண்டும்.

5. பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள்.

நபி (ஸல்) அவர்கள் அபூ உமைர் என்ற சிறுவரிடம் அவர் வளர்த்த குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். பிள்ளையின் உலகத்துக்குள் சென்று பேசுவது ஸுன்னத்தான வழி. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்குப் பாங்கு சொல்லும் பணியையும், தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. மாற்றுத்திறனுள்ள பிள்ளைக்குத் தேவை அனுதாபம் அல்ல, பொறுப்பு. வகுப்பைத் தொடங்கும் மணியை அவன் அடிக்கட்டும். அடுத்து யார் முறை என்பதை அவள் காட்டட்டும். மற்றவர்கள் அவர்களுக்காகக் காத்திருக்கும்போதுதான் நட்பு தொடங்குகிறது.

வகுப்பு முடிந்ததும் "இன்று என்ன படித்தாய்?" என்பதோடு "யாரோடு விளையாடினாய்?" என்றும் கேளுங்கள். ஒரு பெயர் சொன்னால், அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் பேசி இருவரும் நேரில் சந்திக்க வழி செய்யுங்கள். இன்ஷா அல்லாஹ், திரையில் தொடங்கிய தோழமை வீட்டு முற்றத்திலும் தொடரும்.